அழியாது நின்ற ஒரு கச்சேரி

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே வசிக்கும் பெரியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். எண்பதை அண்மிய வயது. இளமையிலே யாழ்ப்பாணத்தில் முறையாக வயலின் பயின்றவர். உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சங்கீதம் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவது அவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

அன்று என் கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது. அதன் உறையிலே 'சக்தி' என்ற பெயர். "தம்பி, அம்மன் தோத்திரமோ?" என்று ஆவலுடன் கேட்டார்.

"இல்லை ஐயா. ஜாஸ்–ரொக் குழு ஒன்றை நடத்திப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் நம்மவர்களோடு சேர்ந்து அமெரிக்காவிலே செய்த கச்சேரி" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "பாலிலே புளியை விட்டால் பாலும் இல்லை, புளியும் இல்லை" என்றார். ஆயினும் வீட்டுக்கு வந்தவன் மனம் நோகலாகாது என்று எண்ணினார் போலும். பேத்தி வாங்கிக் கொடுத்திருந்த இசைப்பெட்டியிலே தட்டைச் சுழலவிட்டார்.

ஐந்து நிமிடம் சென்றிருக்கும். சாய்வு நாற்காலியிலே கண்மூடிக் கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தப் பிடில் ஆருடையது?"

அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லப் புகுந்ததே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த விரல்கள்

பிடிலுக்குரியவர் எல். சங்கர். 1950ஆம் ஆண்டு சென்னையிலே பிறந்து யாழ்ப்பாணத்திலே வளர்ந்தவர். தந்தையார் வி. இலட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணிபுரிந்தவர். வயலின், பாடுபவரின் பின்னே நிழல்போற் செல்லும் பக்கவாத்தியமாக மட்டும் இருத்தல் போதாது. தனித்து மேடையை ஆளும் தகுதி அதற்கு உண்டு என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைத் தம் பிள்ளைகளின் விரல்களிலே எழுதிவைத்தார் எனலாம். மூத்தவர் வைத்தியநாதன் பிற்காலத்தில் 'ஏழாவது மனிதன்' முதலிய படங்களுக்கு இசையமைத்தவர். அடுத்தவர் சுப்பிரமணியம் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றும், வயலினையே தொழிலாக வரித்து உலகெங்கும் பெயர் பெற்றவர். இளையவரே சங்கர். ஏழு வயதிலே நல்லூர்க் கோயிலில் முதற் கச்சேரி செய்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது.

அடுத்து வந்தது 1958. அவ்வாண்டின் இனக்கலவரத்தை இந்நாட்டிலே அறியாதார் இலர். அதன் பின்னர் ஐயர் குடும்பத்தோடு சென்னைக்குப் பெயர்ந்தார். ஒரு வீட்டிலிருந்து மூன்று வயலின்கள் ஒரே சமயத்தில் நம்மை விட்டுப் போயின. அவை இங்கேயே இருந்திருப்பின், எத்தனை மாணவர் அவர்களிடம் கற்றிருப்பர், எத்தனை கோயில் வீதிகளில் அந்நாதம் ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதன்றி நாம் செய்யக்கூடியது வேறில்லை.

சங்கர் பின்னர் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே சேர்ந்தார். கனெற்றிகட் மாநிலத்திலுள்ள அப்பல்கலைக்கழகம் கருநாடக சங்கீதத்துக்கு நெடுங்காலம் இடமளித்து வந்ததொன்று. இசையறிஞர் எஸ். இராமநாதன் அங்கே கற்பித்தவர். அவரிடம் வீணை பயில வந்த மாணாக்கருள் ஒருவரே ஜோன் மக்லொக்லின் என்னும் ஆங்கிலேயர்.

ஜாஸ்–ரொக் என்பது யாது?

மக்லொக்லின் 1942ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிலே பிறந்தவர். கிற்றார் வாசிப்பவர். 1969இல் அமெரிக்கா சென்று, மைல்ஸ் டேவிஸ் என்னும் புகழ்பெற்ற ஊதுகருவி வித்துவானின் குழுவினரோடு ஒலிப்பதிவுகளிற் பங்குகொண்டார்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரையும் களிப்பையும் இழைத்து உருவாக்கிய இசை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே கற்பனை செய்து விரிப்பது அதன் உயிர். நம் வித்துவான்களின் மனோதர்மத்தை ஒத்தது. ரொக் என்பது மின்சாரக் கிற்றாரும் பேரிகைகளும் முழங்க இளைஞரை எழுந்தாடச் செய்யும் இசை. ஜாஸின் கற்பனையையும் ரொக்கின் முழக்கத்தையும் ஒன்றாக்கியதே ஜாஸ்–ரொக். அதற்கு வழிதிறந்தவர்களுள் தலையாயவர் மைல்ஸ் டேவிஸ். அவர் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டொன்றில் ஓர் உருப்படிக்கு 'ஜோன் மக்லொக்லின்' என்றே பெயரிட்டார் என்றால், அந்த இளைஞர்மேல் அவர் கொண்ட மதிப்பு விளங்கும்.

மக்லொக்லின் 1971இல் 'மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 'மகாவிஷ்ணு' என்பது அவருடைய குருவாகிய வங்காளத்து ஸ்ரீ சின்மோய் அவருக்குச் சூட்டிய பெயர். மேல்நாட்டு இரசிகர் நாலும் எட்டுமாகிய கணக்குகளுக்கே காலாட்டிப் பழகியிருந்த அந்நாளில், இக்குழு ஏழு, ஒன்பது போன்ற கணக்குகளிலே இடியென முழங்கிற்று. 1973ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவில் இக்குழு செய்த கச்சேரி அப்படியே பதிவாகி அவ்வாண்டிலேயே இசைத்தட்டாக வெளிவந்தது. அவ்வாண்டு முடியுமுன் அந்த முதற்குழு கலைந்தும் போயிற்று.

புகழின் உச்சியில் நின்ற ஒருவர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் பெரிய ஒலிபெருக்கிகளைத் தேடுவார் என்றே எவரும் எண்ணுவர். மக்லொக்லினோ மின்சாரக் கிற்றாரை ஒருபுறம் வைத்துவிட்டு, மரக் கிற்றாரை எடுத்துக்கொண்டு, சம்மணமிட்டுத் தரையிலே அமர்ந்தார்.

தரையில் அமர்ந்த ஐவர்

1975 ஜூலை 5ஆம் திகதி. நியூயோர்க் மாநிலத்தில், லோங் தீவிலுள்ள சவுத்ஹம்ப்டன் கல்லூரி. மேடையில் ஐவர். கிற்றார் மக்லொக்லின், வயலின் சங்கர், தபேலா, அல்லா ரக்காவின் மைந்தர் ஸாகிர் ஹுசைன், கடம் தி. ஹ. விநாயகராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். அந்தக் கச்சேரியே 1976இல் கொலம்பியா நிறுவனத்தாரால் 'சக்தி' என்னும் பெயருடன் வெளியிடப்பெற்றது.

இந்த ஐவரைப் பொறுத்தவரை ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. வடக்கின் தபேலாவும் தெற்கின் மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில் ஒருங்கே அமர்வது அந்நாளில் இந்தியாவிலேயே அரிது. நம் கச்சேரிகளில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்கு அப்பால் சற்று ஒதுங்கி அமர்வது. 'சக்தி'யிலோ அதற்கும் சம ஆசனம் கிடைத்தது. ஒரு மண்பானை இத்தனை பேசுமா என்று உலகம் கேட்டது. விநாயகராமுக்கு 2014இல் பத்மபூஷண் விருது கிடைத்தபோது, அச்சிறப்பிற் பாதி அந்தப் பானைக்குரியது என்றே நான் எண்ணினேன்.

கிற்றாரைப் பற்றியும் ஒரு சொல். கிற்றாரின் மெட்டுகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நிறுத்திவிடும் இயல்பின. கமகம் என்பது சுரங்களுக்கிடையே நெளிந்து செல்லும் உயிரோட்டமன்றோ? ஆதலின் மக்லொக்லின் ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞரைக் கொண்டு புதிய கிற்றார் ஒன்றைச் செய்வித்தார். மெட்டுகளுக்கிடையிலான மரத்தைப் பள்ளமாகச் செதுக்கினால், வீணையிற்போலத் தந்தியை அழுத்தி இழுத்து நாதத்தை வளைக்கலாம். கிற்றாரின் வாய்க்குக் குறுக்கே தனியாகச் சில தந்திகள் பூட்டப்பெற்றன. அவை தம்புராவைப்போற் சுருதியை ஏந்தி நின்றன. நம் வயலின் மேனாட்டிலிருந்து வந்து நம் மடியிலே அமர்ந்து நம்மதாயிற்று. அன்று மேனாட்டுக் கிற்றார் நம் வீணையிடம் பாடங் கேட்க வந்தது. கொண்டதும் கொடுத்ததும் இவ்வாறு சரியாயின.

மூன்று நிமிடமும் இருபத்தொன்பது நிமிடமும்

தட்டின் முதற்பக்கத்தில் இரண்டு உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிடம். களிப்பு என்பது அதன் பெயரின் பொருள். இரண்டாவது ஐந்து நிமிடத்துக்கும் குறைந்தது. 'பாதகமலம்' எனப் பொருள்படும் பெயரையுடையது. அந்தி வேளையிற் கோயிற் கேணி போல அமைதியானது. மறுபக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம். இறைவன் திருவடியில் ஆடும் அடியானின் பரவசத்தைக் கூறும் அதன் பெயரே ஒரு நீண்ட வாக்கியம்.

இந்த நிமிடக் கணக்கை வாசகர் அற்பமென்று கொள்ளலாகாது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டிலே ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடமே இடமிருந்தது. அக்காலத்து மகா வித்துவான்கள், அரைமணி நேரம் விரிக்கவேண்டிய கீர்த்தனையை மூன்று நிமிடத்துள் அடக்க வேண்டியவராயினர். ஆலாபனை ஒரு கீற்று, நிரவல் இல்லை, சுரம் ஓர் ஆவர்த்தனம். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்ட பின்னரே, கச்சேரி தன் முழு உருவத்தோடு வீட்டுக்குள் வரலாயிற்று. அதிலும் ஒரு பக்கத்துக்கு 29 நிமிடம் என்பது மிகுதி. நேரம் கூடக்கூடத் தட்டின் சால்களை ஒன்றையொன்று நெருங்க வெட்ட வேண்டும். நெருங்கினால் ஒலியின் வன்மை சிறிது தாழும். இவ்விழப்பை ஏற்றுக்கொண்டும் அந்த உருப்படியைத் துண்டாடாது வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

ஒலிப்பதிவுக் கூடத்திற் செய்யப்படும் தட்டுக்கும் மேடைக் கச்சேரியிற் பிடித்த தட்டுக்கும் உள்ள வேறுபாடு, எழுதிப் படித்த சொற்பொழிவுக்கும் சபையில் எழுந்து பேசிய பேச்சுக்கும் உள்ள வேறுபாடு போன்றது. கூடத்திலே பிழை நேர்ந்தால் மீண்டும் வாசிக்கலாம். மேடையிலே ஒருவன் எடுத்த துணிவுக்கு மற்றவன் அந்தக் கணத்திலேயே விடை சொல்லியாக வேண்டும். இந்தத் தட்டிலே கிற்றார் ஒரு வினா விடுக்கும்; வயலின் அதை வாங்கிச் சற்றே திருப்பி விடை கூறும்; வினா சுருங்கச் சுருங்க விடையும் சுருங்கும். தாளவாத்தியங்கள் தமக்குள் அளவளாவும் இடங்களிலே, தேர்முட்டியடியில் இரு தவில்கள் சமர் புரியக் கேட்டு வளர்ந்த நமக்கு உடல் சிலிர்க்கும். மடைதிறந்தாற்போல எழும் கரகோஷத்தைக் கேட்கும்போது, மொழியும் சமயமும் வேறான அந்த மாணவர் கூட்டத்தோடு நாமும் அமர்ந்திருப்பதாகவே தோன்றும்.

குறையே இல்லையோ எனின், உண்டு. பெரியவர் அதை ஒளியாது சொன்னார். "ஓட்டம் கூடிப்போச்சு தம்பி. நிதானம் காணாது. இராகத்தை இருத்தி வைத்துப் பேசவிடவில்லை" என்றார். அது நியாயமான தீர்ப்பே. வேகமே வித்துவத்துவம் என எண்ணிக் கைதட்டும் கூட்டத்தின் முன், வேகம் சில இடங்களில் அளவு கடந்தது. ஆயினும் பாலிற் புளி கலந்ததாக அவர் பின்னர் சொல்லவில்லை. "பால் பாலாகவே இருக்குது" என்றார்.

காரணம் எளிது. அங்கே எவரும் தம்முடையதைக் கைவிடவில்லை. சங்கர் மேனாட்டாருக்காகத் தம் கமகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. மக்லொக்லின் கற்றுக்கொண்டு வந்த பின்பே அமர்ந்தார். என் மாணாக்கர் சிலர் எதனோடு எதைச் சேர்த்தாலும் 'பியூஷன்' என்று மகிழ்கின்றனர். முதியோர் சிலர் எதைச் சேர்த்தாலும் கலப்படம் என்று வெகுள்கின்றனர். இரு சாராரும் இத்தட்டை ஒருமுறை இருந்து கேட்டல் வேண்டும். முறையாகக் கற்றவர் கூடினால் அது சங்கமம். கல்லாதவர் கூடினால் அதுவே கலப்படம்.

இம்முதற் குழு 1978 அளவிற் பிரிந்தது. 1997இல் மீண்டும் உருப்பெற்றபோது மாண்டலின் ஸ்ரீநிவாசும், விநாயகராமின் மைந்தர் செல்வகணேசும் பின்னர் அதில் இணைந்தனர். 2023இல் வெளிவந்த 'சக்தி'யின் புதிய இசைத்தொகுப்புக்கு 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஸாகிர் ஹுசைன் மறைந்தார். அந்தக் கைகளின் இருபத்துநான்கு வயது வேகம் மட்டும் அந்தத் தட்டிலே இன்றும் அப்படியே இருக்கின்றது.

மீள வாங்க முடியாத நாடா

நிற்க. தட்டு நின்றது. வெளியே புகையிரதம் ஒன்று கடலோரமாகக் கடந்து சென்றது. வயலின்காரர் யார் என்பதையும், அவர் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டகன்ற ஆண்டையும் நான் சொன்னேன். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து சென்று, சுவரலுமாரியிலிருந்து வெறுமையான ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். ஒலிநாடாச் சுருள் வைக்கும் பெட்டி.

எழுபதுகளிலே அவர் இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்று, தம் ஊர்க் கோயில் திருவிழாவில் விடியவிடிய நடந்த நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்தாராம். இடையிலே பிள்ளை அழும் சத்தம், கச்சான் விற்பவன் குரல், யாரோ ஒருவர் "சபாஷ்" என்று கூவுவது எல்லாம் அதிலே இருந்தனவாம். கூவியவர் அவருடைய தகப்பனார். 1983 ஜூலையிலே, வெள்ளவத்தையில் அவர் அப்போது குடியிருந்த வீடு எரிந்தபோது, இருநூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளோடு அந்த நாடாவும் எரிந்தது. பெட்டி மட்டும் அன்று வேறோர் இடத்தில் இருந்தபடியால் எஞ்சியது.

"தட்டுகளுக்கு நான் கவலைப்படவில்லை. சிலதைத் திரும்ப வாங்கிப்போட்டன். அந்த நாடாவை எந்தக் கடையிலே வாங்குறது, தம்பி?" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. சொல்ல விடையும் இல்லை. ஒரு ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரி, ஆயிரமாயிரம் தட்டுகளாகி உலகெங்கும் பரவியமையால் இன்று என் கைக்கு வந்தது. இன்னொரு ஜூலையில், ஒரே ஒரு பிரதியாக இருந்த நம் ஊர்க் கச்சேரி ஒரு பிடி சாம்பலாயிற்று. 'சக்தி' பதிவான அதே 1975ஆம் ஆண்டிலேதான் நம் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியும் மறைந்தார். ஈழத்திலும் தமிழகத்திலும் அவர் வாசித்த இரவுகள் எத்தனை! அவற்றுள் இன்று நாம் கேட்கக்கூடியன மிகச் சிலவே. திறமையிலே நாம் யாருக்குக் குறைந்தோம்? பேணிக்காக்கும் வழக்கத்திலேதான் குறைந்தோம்.

நம் அலுமாரிகளில் உள்ளவை

எல்லாம் அழிந்துவிட்டதாகவும் கொள்ள வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீடுகளின் அலுமாரி மேற்றட்டில் பழைய கசற்றுகள் கிடக்கின்றன. மகளின் அரங்கேற்றம், தாத்தாவின் பண்ணிசை, கோயிற் கச்சேரி, கலியாண வீட்டு நாதஸ்வரம். எவரும் கேட்பதில்லை, எறியவும் மனம் வருவதில்லை. கடற்காற்றின் ஈரம் அவற்றுக்குப் பெரும் பகை. நாடாவிலே பூஞ்சணம் படரும். காந்தப் பூச்சு உதிரும். பூஞ்சணம் கண்ட நாடாவை அப்படியே கருவியில் இட்டு ஓட்டுவதும், வேகமாகப் பின்சுற்றுவதும் அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். உலர்ந்த இடத்தில், ஒலிபெருக்கி முதலிய காந்தப் பொருள்களுக்கு எட்டத்தில் வைத்து, பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு ஒருமுறை நிதானமாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் என இரண்டு இடங்களில் வைத்தல் நன்று. ஒரே இடத்தில் வைப்பதன் விளைவை நம்மைவிட நன்கறிந்தவர் உண்டோ?

அதனினும் முக்கியம், பெயரெழுதி வைத்தல். வாசிப்பவர் யார், எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யாவர் என்பவற்றை, அறிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பெயரில்லாத ஒலிநாடா முகவரியில்லாத கடிதம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் பணியில் 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தார், நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகின்றனர். அத்தகையோரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவைப்பின், நம் வீட்டுச் செல்வம் நாட்டுச் செல்வமாகும்.

நான் விடைபெற எழுந்தபோது பெரியவர் தட்டை உறையிலிட்டுத் திருப்பித் தந்தார். பின்னர் எதையோ எண்ணியவராய், "இருந்துவிட்டுப் போம். அந்த ஐந்து நிமிடச் சீவனை இன்னொருக்காப் போடுவம்" என்றார்.

மீண்டும் அமர்ந்தேன். கிற்றாரின் மெல்லிய மெட்டுக்குப் பின்னால், நல்லூரிலே முதன்முதல் வில்லெடுத்த கை ஒன்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. வெறும் தகரப் பெட்டி மேசையிலே திறந்தபடி கிடந்தது.